கார்லெஸ் புயோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்சிலோனா கால்பந்து அணி என்றதும் மெஸ்ஸி, சாவி, இனியஸ்டா என்றுதான் பேச்சு ஓடும். ஆனால் 2004 முதல் 2014 வரை அந்த அணியின் கேப்டன் பட்டை ஒரு தடுப்பாட்டக்காரரின் கையில் இருந்தது. கார்லெஸ் புயோல் ஆடியதை நேரலையில் பார்க்காமல், பின்னாளில் கிளிப்புகளாக மட்டும் பார்த்த ரசிகர்கள் அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும். புயோலைப் பற்றிச் சுருக்கமாகப் பேச எனக்கு மனம் வராது.

புயோல் எந்த ஊர்க்காரர்?

ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதியில், பிரனீஸ் மலையடிவாரத்தில் லா போப்லா தெ செகுர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. யெய்தா மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கேதான் 1978 ஏப்ரல் 13 அன்று பிறந்தார். பார்சிலோனாவின் புகழ்பெற்ற பயிற்சிப் பள்ளியான லா மாசியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது 17. அந்த வயது முக்கியம். லா மாசியாவின் பெரிய பெயர்களில் பலர் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே உள்ளே வந்து அந்தப் பந்தாட்டப் பாணியிலேயே ஊறி வளர்ந்தவர்கள். புயோல் அதுவரை சொந்த ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் ஐந்தாறு வருடத்தில் கற்றதை அவர் அவசர அவசரமாகக் கற்க வேண்டியிருந்தது.

முதலில் கோல்கீப்பராக ஆடினாராமே, உண்மையா?

உண்மை. சிறுவயதில் கோல்கீப்பர்தான். தோள்பட்டையில் பிரச்சினை வந்ததும் அதை விட்டு முன்வரிசைக்குப் போனார். பார்சிலோனாவுக்கு வந்தபின் நடுக்களத்தில் தடுப்பு வேலை பார்க்கும் இடத்தில் ஆட வைத்தார்கள். பிறகு ரைட் பேக், அதாவது வலதுபுறத் தடுப்பாட்டக்காரர். கடைசியில்தான் சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். அவர் எந்த இடத்துக்கும் பிறந்தவர் போல வந்து நிற்கவில்லை. எங்கே ஆள் தேவையோ அங்கே போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். கோல் கோட்டில் நின்று அவர் தடுத்த பந்துகளைப் பார்க்கும்போது, அந்தப் பழைய கோல்கீப்பர் பழக்கம் உடம்பில் எங்கோ மிச்சமிருந்தது என்றே எனக்குத் தோன்றும்.

கிளப் அவரை மலாகாவுக்கு விற்கப் பார்த்தது என்கிறார்களே?

1998-ல் நடந்தது. அப்போது அவர் பார்சிலோனாவின் இரண்டாம் அணியில் இருந்தார். ஸ்பெயினின் இன்னொரு கிளப்பான மலாகா கேட்டது, பார்சிலோனாவும் சரி என்றது. புயோல்தான் போக மறுத்தார். அவருடைய நண்பர் சாவி எர்னாண்டஸ் அதே வருடம் முதல் அணியில் கால் வைத்திருந்தார். அதைப் பார்த்தபின், தனக்கும் ஒரு வாய்ப்பு வரும் என்று காத்திருக்க முடிவு செய்தார். ஒரு வருடத்துக்கு மேல் காத்தார். 1999 அக்டோபர் 2 அன்று வயடோலிட் அணிக்கு எதிரான லீக் ஆட்டத்தில் பயிற்சியாளர் லூயி வான் கால் அவரைக் களத்தில் இறக்கினார். பார்சிலோனா 2-0 என வென்றது. அதற்கப்புறம் அவரை வெளியே உட்கார வைப்பது பயிற்சியாளர்களுக்குக் கஷ்டமாகிவிட்டது.

ஃபிகோவைப் புயோல் கட்டிப்போட்ட ஆட்டம் எது?

2000 அக்டோபர் 21, கேம்ப் நூ மைதானம். பார்சிலோனாவின் செல்லப்பிள்ளையாக இருந்த லூயிஸ் ஃபிகோ அந்தக் கோடையில்தான் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போயிருந்தார். அவர் பழைய மைதானத்துக்குத் திரும்பி வந்த முதல் ஆட்டம் அது. அவர் காலில் பந்து வரும்போதெல்லாம் மைதானம் முழுக்க விசில், கூச்சல். களத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் விங்கர்களில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரான அவரை நிழல் போலத் தொடரும் வேலை 22 வயது புயோலிடம் கொடுக்கப்பட்டது. தொண்ணூறு நிமிடமும் தொடர்ந்தார். பார்சிலோனா 2-0 என வென்றது. லூயிஸ் என்ரிக்கேயும் சிமாவோவும் கோல் அடித்தார்கள். ஆனால் மறுநாள் ஊர் பேசியது புயோலைப் பற்றி.

பலர் இந்த ஆட்டத்தையும், ஃபிகோ மீது பன்றித்தலை வீசப்பட்ட ஆட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பன்றித்தலை வந்தது 2002 நவம்பரில் நடந்த ஆட்டத்தில்.

மார்பால் பந்தைத் தடுத்த அந்தக் காட்சி எந்த ஆட்டத்தில்?

2002-ல் லோகோமோட்டிவ் மாஸ்கோவுக்கு எதிராக, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் நடந்த ஆட்டம். நைஜீரியாக்காரரான ஜேம்ஸ் ஒபியோரா, கோல்கீப்பர் பொனானோவைத் தாண்டிவிட்டார். எதிரே வலை. நடுவில் புயோல் மட்டும். ஒபியோரா உதைக்கிறார். கையை விரித்தால் பெனால்டி, விலகினால் கோல். புயோல் கைகளை ஒதுக்கிக்கொண்டு நெஞ்சை நேராகக் காட்டி நிற்கிறார். பந்து அவர் மார்பில், கிளப் சின்னம் தைத்திருக்கும் இடத்தில் வந்து மோதித் திரும்புகிறது.

படமாகப் பார்க்கும்போது இது வெறும் தைரியம் போலத் தெரியும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கோல்கீப்பர் வெளியே கிளம்பிய நொடியிலேயே புயோல் பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, பந்து கடைசியில் எங்கே வந்தாக வேண்டுமோ அந்த இடத்தை நோக்கிப் போயிருப்பார். தைரியம் அதற்குப் பிறகுதான் தேவைப்பட்டது.

அவர் ஆட வந்ததும் பார்சிலோனா கோப்பைகளை அள்ளியதா?

இல்லவே இல்லை. புயோலின் கதையில் பலரும் தாண்டிப் போகும் பகுதி இதுதான். பார்சிலோனா 1999-ல் லீக்கை வென்றது. அந்தக் கொண்டாட்டம் முடிந்தபின் புயோல் உள்ளே வந்தார். அதற்கடுத்த ஐந்து சீசன்கள் ஒரு கோப்பைகூட இல்லை. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: வான் கால், செர்ரா ஃபெரர், ரெக்சாக், மறுபடி வான் கால், அந்திச். 2002-03 சீசனில் லீக்கில் ஆறாவது இடம். கேம்ப் நூவில் ரசிகர்கள் சொந்த நிர்வாகத்தை எதிர்த்து வெள்ளைக் கைக்குட்டை அசைத்த காலம். எதிரே ரியல் மாட்ரிட் ஃபிகோ, ஸிடான், பிரேசிலின் ரொனால்டோ என்று வருடத்துக்கொரு நட்சத்திரத்தை வாங்கி, சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் தூக்கிக்கொண்டிருந்தது.

அந்த வருடங்களில் வேறு கிளப்புக்குப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் போகவில்லை. 2003-ல் லபோர்தா கிளப் தலைவரானார், ஃபிராங்க் ரைக்கார்ட் பயிற்சியாளரானார், ரொனால்டினியோ வந்தார், வண்டி மெல்லத் திரும்பியது. 2004-ல் லூயிஸ் என்ரிக்கே ஓய்வு பெற்றதும் கேப்டன் பட்டை புயோலிடம் வந்தது. அடுத்த வருடமே லீக் கோப்பை. 2006 மே 17 அன்று பாரிசில் ஆர்செனலை 2-1 என வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையை உயர்த்தினார். அந்த ஆட்டத்தில் முதல் கோல் ஆர்செனலுடையது. எட்டூவும் பெலெட்டியும் கடைசிக் கால் மணி நேரத்தில் திருப்பினார்கள்.

வெற்றியில் வந்து சேர்ந்த கேப்டன் அல்ல அவர். தோற்றுக்கொண்டிருந்த வீட்டில் இருந்தவர். பின்னாளில் அணி எல்லாவற்றையும் வென்றுகொண்டிருந்தபோது, இது எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்ற நினைப்போடு ஆடிய ஒருவர் உள்ளே இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

காலில் நுணுக்கம் இல்லாதவர் எப்படிக் குவார்டியோலாவின் அணியில் நிலைத்தார்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேள்விக்குள்ளேயே ஒரு தப்பு இருக்கிறது. புயோலுக்கு நுணுக்கம் இல்லை என்பது சரியல்ல; தன் எல்லை எது என்று தெரிந்திருந்தது. பந்து காலுக்கு வந்தால் பக்கத்தில் இருக்கும் சாவிக்கோ புஸ்கெட்சுக்கோ பிக்கேக்கோ சுத்தமாகக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போவார். நாற்பது மீட்டர் பாஸ் போட்டுக் கைதட்டல் வாங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பெப் குவார்டியோலா 2008-ல் பொறுப்பேற்றபின் அந்த அணி எப்படி ஆடியது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரணியின் பாதியிலேயே பந்தை வைத்துச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். அதற்காகத் தடுப்பு வரிசை நடுக்கோடு வரை ஏறி நிற்கும். வலதுபுறம் டானி ஆல்வெஸ் பேருக்குத்தான் தடுப்பாட்டக்காரர். பாதி நேரம் எதிரணிக் கோல் அருகேதான் இருப்பார். அப்படியானால் பின்னால் என்ன மிச்சம்? கோல்கீப்பர் வால்டெஸ் வரை நாற்பது மீட்டர் வெட்டவெளி. பந்து ஒருமுறை பறிபோய், எதிரணியில் வேகமான ஒருவர் அந்த வெளிக்குள் ஓட ஆரம்பித்தால் கதை முடிந்தது.

அந்த வெளிக்குக் காவல் புயோல். அவருக்கு இரண்டு விஷயங்கள் கைவந்திருந்தன. ஒன்று, பந்து பறிபோவதற்கு முன்பே அது பறிபோகப் போகிறது என்று கண்டுபிடித்து உடம்பைத் திருப்பிவிடுவது. இன்னொன்று, தாண்டிப் போய்விட்டவரைக்கூட விடாமல் துரத்திப் பிடிக்கும் ஓட்டம். சாவியும் இனியஸ்டாவும் மெஸ்ஸியும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஆட முடிந்தது என்றால், அந்த நிம்மதியைக் கொடுத்தவர்களில் முதல் ஆள் இவர். அழகான ஆட்டத்துக்கு இவர் ஒரு விதிவிலக்கு என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இவர் இல்லாமல் அந்த அழகை அவ்வளவு துணிச்சலாக ஆடியிருக்க முடியாது.

பிக்கேயோடு அவர் ஜோடி ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

இருவரும் எதிரெதிர்க் குணம். ஜெரார்ட் பிக்கே ஆறடியைத் தாண்டிய உயரம், நிதானம், பந்தோடு முன்னே நடந்து வந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர், கவனம் சற்றே சிதறக்கூடியவர். புயோல் 1.78 மீட்டர்தான். சென்டர் பேக்குக்கு இது குள்ளம். ஒரு நொடிகூடக் கவனம் சிதறாதவர். அணி பெரிய முன்னிலையில் இருக்கும்போதும், பந்து மறுகோடியில் இருக்கும்போதும், "ஜெரி, ஜெரி, கவனம்!" என்று தன்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பார் என்று பிக்கே சொல்லியிருக்கிறார். ஒருமுறை ரசிகர் கூட்டத்திலிருந்து லைட்டர் ஒன்று களத்தில் வந்து விழுந்தது. பிக்கே அதை எடுத்து நடுவரிடம் காட்டப் போனார். புயோல் வந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, ஆட்டத்தைப் பார் என்பது போலத் தள்ளிவிட்டார். அந்தக் கிளிப் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ரேயோ வயகானோ ஆட்டத்தில் சக ஆட்டக்காரர்களைத் திட்டியது ஏன்?

2012 ஏப்ரல் இறுதியில், மாட்ரிட் நகரின் சின்ன கிளப்பான ரேயோ வயகானோவை அவர்கள் மைதானத்திலேயே பார்சிலோனா 7-0 என அடித்தது. தியாகோ கோல் அடித்ததும் அவரும் டானி ஆல்வெஸும் சேர்ந்து ஒரு நடனம் ஆட ஆரம்பித்தார்கள். ரேயோ அப்போது கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடாமல் இருக்கத் தவித்துக்கொண்டிருந்த அணி. அவர்கள் ரசிகர்கள் முன்னால் இந்த ஆட்டம். புயோல் விறுவிறுவென்று வந்து இருவரையும் பிரித்து, உங்கள் இடத்துக்குப் போங்கள் என்று அனுப்பினார். முகத்தில் கோபம் தெளிவாகத் தெரியும்.

எதிரணியை மதிக்கத் தெரியாத வெற்றி அவருக்கு வேண்டாம். கேப்டன் என்றால் நடுவரோடு மல்லுக்கு நிற்பவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த இருபது வினாடியைக் காட்ட வேண்டும்.

6-2 ஆட்டத்தில் அவர் பங்கு என்ன?

2009 மே 2, ரியல் மாட்ரிட்டின் பெர்னபெயு மைதானம். ஹிகுவாயின் 14-வது நிமிடத்தில் மாட்ரிட்டுக்கு முதல் கோல் போட்டார். நான்கே நிமிடத்தில் ஹென்றி சமன் செய்தார். அடுத்த இரண்டு நிமிடத்தில் சாவி உயர்த்திக் கொடுத்த ஃப்ரீ கிக்கைப் புயோல் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 2-1. உடனே கையிலிருந்த கேப்டன் பட்டையை உருவி முத்தமிட்டார். கட்டலோனியக் கொடியின் மஞ்சள் சிவப்புக் கோடுகள் போட்ட பட்டை அது. கட்டலோனியா தனி அடையாளம் கோரும் பகுதி, மாட்ரிட்டோ ஸ்பெயினின் தலைநகர். மாட்ரிட்டின் நடு மைதானத்தில் அதைச் செய்ததன் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஆட்டம் 6-2 என முடிந்தது. அந்த சீசனில் லீக், கோபா தெல் ரே என்னும் மன்னர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் பார்சிலோனா வென்றது. ஸ்பெயினின் எந்த அணியும் அதற்குமுன் செய்யாதது.

ரோமில் நடந்த அந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆல்வெஸும் அபிடாலும் தடை காரணமாக ஆட முடியவில்லை. புயோல் மறுபடியும் பழைய ரைட் பேக் இடத்துக்குப் போனார். எதிரே மான்செஸ்டர் யுனைட்டெட், கிறிஸ்டியானோ ரொனால்டோ, ரூனி. 2-0 வெற்றி.

உயரம் குறைவானவர் உலகக்கோப்பை அரையிறுதியில் ஹெடர் கோல் அடித்தது எப்படி?

2010 ஜூலை 7, தென்னாப்பிரிக்காவின் டர்பன். ஸ்பெயினும் ஜெர்மனியும் 0-0. ஜெர்மனி அதற்குமுன் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் தலா நான்கு கோல் போட்டுவிட்டு வந்த அணி. ஸ்பெயின் பந்தை வைத்திருந்தது, கோல் மட்டும் வரவில்லை. 73-வது நிமிடம் இடதுபுறம் ஒரு கார்னர். சாவி பந்தை வைக்கிறார்.

இப்போது சாவியைப் பார்க்காதீர்கள், கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டியின் விளிம்பைப் பாருங்கள். உயரமான ஆட்டக்காரர்கள் எல்லாம் கோல் அருகே முட்டி மோதிக்கொண்டிருக்க, புயோல் தள்ளி நிற்கிறார். சாவியின் கால் பந்தில் படும் நேரத்தில் ஓடத் தொடங்குகிறார். நின்ற இடத்திலிருந்து குதிப்பவருக்கும் பத்து மீட்டர் ஓடி வந்து குதிப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிகிறது. பிக்கேயும் அதே பந்துக்கு எகிறுகிறார். அவரையும் மீறி, பின்னாலிருந்து முடி பறக்க ஒரு உருவம் மேலே எழுந்து நெற்றியால் அடிக்கிறது. கோல்கீப்பர் நோயருக்கு எதுவும் செய்ய நேரமில்லை. இது தற்செயல் அல்ல. சாவி, பிக்கே, புயோல் மூவரும் பார்சிலோனாவில் பழகிய முறை. முந்தைய வருடம் பெர்னபெயுவில் சாவி கொடுத்து இவர் முட்டிய கோலும் இதே குடும்பம்தான்.

அந்த ஒரு கோல்தான் ஸ்பெயினை முதன்முறையாக உலகக்கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனது. ஆட்டம் முடிந்தபின் ராணி சோஃபியா வாழ்த்துச் சொல்ல உடைமாற்றும் அறைக்கு வந்தபோது, கோல் அடித்தவர் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு வந்து நின்ற படமும் வெளிவந்தது.

அந்த உலகக்கோப்பை இறுதியில் ராபனை அவர் இழுத்தாரா?

இழுத்தார். மறைக்க ஒன்றுமில்லை. ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், எதிரணி நெதர்லாந்து. புயோலுக்கு 16-வது நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை. 83-வது நிமிடத்தில் நெதர்லாந்தின் ராபன் அவரைத் தாண்டி ஓட, புயோல் பின்னாலிருந்து கையைப் போட்டார். ராபன் விழாமல் ஓடினார், ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸ் பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டார். ராபன் விழுந்திருந்தால் இரண்டாவது மஞ்சள் அட்டை வந்திருக்கும் வாய்ப்பு அதிகம், ஸ்பெயின் பத்துப் பேராகியிருக்கும். நெதர்லாந்து ரசிகர்களின் ஆதங்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 116-வது நிமிடத்தில் இனியஸ்டா கோல் அடித்தார். முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றுத் தொடங்கிய ஸ்பெயின், ஏழு ஆட்டத்தில் இரண்டே கோல் விட்டுக்கொடுத்துக் கோப்பையை வென்றது. அந்த ஏழிலும் தொடக்க அணியில் புயோல் இருந்தார்.

கட்டலோனியக்காரரான அவர் ஸ்பெயினுக்காக மனமொப்பி ஆடினாரா?

100 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார், மூன்று கோல். 2000 நவம்பரில் நெதர்லாந்துக்கு எதிராகத் தொடங்கி, 2013 பிப்ரவரி 6 அன்று தோகாவில் உருகுவேக்கு எதிராக முடித்தார். அதற்கெல்லாம் சற்று முன்பு 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதியில் கேமரூனிடம் பெனால்டியில் தோல்வி. 2002, 2006 உலகக்கோப்பைகளிலும், ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோவில் 2004-லும் ஏமாற்றம். 2008-ல் லூயிஸ் அரகோனெஸின் அணியில் யூரோ வெற்றி. வியன்னாவில் ஜெர்மனிக்கு எதிராக டோரஸ் அடித்த ஒரே கோல், பின்னால் புயோலும் மார்செனாவும். கட்டலோனியத் தேர்வு அணிக்காகவும் ஆடியவர், கட்டலோனியப் பட்டையைக் கட்டியவர், அதே மனிதர்தான் டர்பனில் அப்படி எகிறினார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அவர் களத்தில் பதில் சொல்லிவிட்டார்.

2011-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை அவர் ஏன் தூக்கவில்லை?

இதைப் பற்றி எழுதும்போது இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அந்த வருடம் மார்ச்சில் சக தடுப்பாட்டக்காரர் எரிக் அபிடாலுக்குக் கல்லீரலில் கட்டி இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, மே 28 அன்று வெம்ப்ளியில் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு எதிரான இறுதியில் முழு ஆட்டமும் ஆடினார். புயோலுக்குக் காயம் சரியாக ஆறவில்லை. கடைசி நிமிடங்களில்தான் களமிறங்கினார். 3-1 வெற்றி. கோப்பை வாங்க மேடையேறும்போது கேப்டன் பட்டையை அபிடாலின் கையில் மாட்டிவிட்டு, நீ தூக்கு என்று முன்னால் அனுப்பினார்.

2013-ல் லீக் வென்றபோதும் அப்படித்தான். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த பயிற்சியாளர் டிட்டோ விலனோவாவையும், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப்பின் திரும்பியிருந்த அபிடாலையும் முன்னால் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார். ஒரு விளையாட்டுக்காரரின் வாழ்வில் கோப்பையைத் தூக்கும் நொடி எத்தனை முறை வரும்? வந்ததை இரண்டு முறை இன்னொருவருக்குக் கொடுத்தார்.

அவருக்கு என்னென்ன காயங்கள்?

முழங்கால்தான் அவரை முடித்தது. 2011-ல் ஒரு அறுவை சிகிச்சை. 2012 மே மாதம் இன்னொன்று. அதனால் ஸ்பெயின் வென்ற யூரோ 2012-ஐத் தவறவிட்டார். அதே வருடம் கன்னத்து எலும்பு முறிந்தது. அக்டோபர் 2 அன்று லிஸ்பனில் பென்ஃபிகாவுக்கு எதிராக ஒரு கார்னருக்கு எகிறி விழுந்தபோது இடது முழங்கை மூட்டு விலகிப்போனது; பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படியான காட்சி. 2013-ல் மறுபடியும் முழங்கால். ஒவ்வொரு முறையும் திரும்பினார். ஆனால் துரத்திப் பிடிக்கும் அந்தப் பழைய ஓட்டம் திரும்பவில்லை, அவர் ஆட்டமே அந்த ஓட்டத்தின் மேல்தான் நின்றது.

எப்போது ஓய்வு பெற்றார்? அதன்பின் என்ன செய்தார்?

2014 மார்ச் 2 அன்று அல்மேரியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 4 அன்று, சீசன் முடிந்ததும் கிளப்பை விட்டுப் போகிறேன் என்று அறிவித்தார். ஒப்பந்தம் 2016 வரை இருந்தது. அணிக்கு உதவ முடியாத உடம்போடு இரண்டு வருடச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவர் விரும்பவில்லை. மே 15 அன்று விடையளிப்பு நிகழ்ச்சி நடந்தது.

அந்த வருட உலகக்கோப்பை இறுதிக்குமுன் ரியோவின் மரக்கானா மைதானத்துக்குக் கோப்பையைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். பார்சிலோனாவில் விளையாட்டு இயக்குநர் ஸுபிஸரெட்டாவின் உதவியாளராகச் சேர்ந்தார். 2015 ஜனவரியில் ஸுபிஸரெட்டா நீக்கப்பட்டதும் இவரும் விலகினார். 2019-ல் நிர்வாகப் பொறுப்புக்குத் திரும்ப அழைத்தபோது மறுத்துவிட்டார்.

மொத்தம் எத்தனை கோப்பைகள்?

பார்சிலோனாவோடு 21: லா லிகா 6, சாம்பியன்ஸ் லீக் 3, கோபா தெல் ரே 2, ஸ்பானிய சூப்பர் கோப்பை 6, ஐரோப்பிய சூப்பர் கோப்பை 2, உலக கிளப் கோப்பை 2. நாட்டுக்காக யூரோ 2008, உலகக்கோப்பை 2010. முதல் அணிக்காக 593 அதிகாரபூர்வ ஆட்டங்கள், எல்லாம் ஒரே கிளப்புக்கு.

இந்தியாவில் ஆடியிருக்கிறாரா?

இல்லை. ஆனால் அவரோடு யூரோ 2008 தடுப்பு வரிசையில் நின்ற இருவர் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடினார்கள். லெஃப்ட் பேக் ஜோவான் கப்தெவிலா 2014-ல் நார்த் ஈஸ்ட் யுனைட்டெட்டில், கார்லோஸ் மார்செனா 2015-ல் கேரளா பிளாஸ்டர்ஸில்.

முதன்முறை பார்ப்பவர் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

கிளிப்புகளை விட்டுவிட்டு ஒரு முழு ஆட்டம் பாருங்கள். டர்பன் அரையிறுதியே போதும். கோல் வரும் 73-வது நிமிடத்துக்கு ஓடிவிடாமல் முதல் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஸ்பெயினிடம் பந்து இருக்கும்போது கேமராவின் ஓரத்தில் புயோல் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார், யாரைக் கைகாட்டி இடம் மாற்றுகிறார் என்று கவனியுங்கள். ஜெர்மனியின் குளோசேவுக்கு அன்று ஏன் பந்தே வரவில்லை என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். அதன்பின் 2009 மே 2 ஆட்டத்துக்குப் போங்கள்.